திருச்சிக்குப் போகும் கெட்டில், ஜப்பானிலிருந்து வரும் ரைஸ் குக்கர்

பள்ளி விடுமுறை நெருங்கும்போது மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் அடாப்டருக்குக் கிராக்கி வந்துவிடும். திருச்சிக்கு டிக்கெட் எடுத்தவர், தாய்லாந்தின் ஹாட்யாய்க்குக் காரில் கிளம்புகிறவர், மகளைத் தைவானுக்குப் படிக்க அனுப்புகிறவர் எல்லாரும் ஹார்ட்வேர் கடையில் கேட்பது ஒரே கேள்வி: "நம்ம பிளக் அங்க நுழையுமா?" தவுக்கே, அதாவது கடை முதலாளி, ஒரு வெள்ளைக் கட்டியை எடுத்து நீட்டுவார். அது எந்த நாட்டுச் சுவரிலும் நுழையும். இந்தக் கேள்வியோடு இன்னும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பதிவு. அங்கே வரும் வோல்ட் என்ன? அந்த சாக்கெட் எத்தனை ஆம்பியர் தாங்கும்? எர்த் கடைசிவரை போய்ச் சேருகிறதா?

அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும். சுவரில் 100 வோல்ட் வந்தால் உங்கள் சாதனத்துக்கும் 100 வோல்ட்தான் போகும். 230 வந்தால் 230தான். இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை பெட்டி கட்டும்போதே தீர்ந்துவிடும்.

முதலில் சாதனத்தின் அடியைப் பாருங்கள். சார்ஜர் என்றால் முதுகைப் பாருங்கள். எழுத்து பொடியாக இருக்கும்; கைத்தொலைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படிப்பது நல்லது. 'இன்புட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் '100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் அந்தப் பொருள் உலகத்தில் எங்கும் வேலை செய்யும். கைத்தொலைபேசி சார்ஜர், லேப்டாப் சார்ஜர், கேமரா சார்ஜர் பெரும்பாலும் இந்த வகைதான். '220-240 வோல்ட்' என்று மட்டும் இருந்தால் அது நம் வீட்டு மின்சாரத்துக்குச் செய்தது. கெட்டில், ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி, மிக்சி, முடி உலர்த்தி எல்லாம் பொதுவாக இந்தக் கூட்டம். சில முடி உலர்த்திகளில் 125, 250 என்று குறித்த சிறு திருகு சுவிட்ச் இருக்கும். அதை நாணயத்தால் திருப்பி வைக்க வேண்டும். 125-இல் வைத்து அமெரிக்காவில் பயன்படுத்திவிட்டு, அப்படியே கொண்டுவந்து நம் வீட்டுச் சுவரில் செருகினால் சில நொடிகளில் கருகிவிடும். அமெரிக்காவை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே அதை 250-க்குத் திருப்பிவிடுங்கள்.

நம் நாட்டில் பெரியவர்கள் 240 வோல்ட் என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். 2008 முதல் அதிகாரபூர்வ அளவு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மேலே 10 விழுக்காடும் கீழே 6 விழுக்காடும் ஏறி இறங்கலாம். சிங்கப்பூர், பிரிட்டன் இரண்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நம்முடைய அதே மூன்று சதுரப் பின் பிளக். அங்கே போகிறவர்களுக்கு எதுவும் தேவையில்லை.

இந்தியாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மவர்கள் அதிகம் போவதும் அங்கேதான், "வோல்ட் ஒண்ணுதானே, பயமில்லை" என்று அசட்டையாக இருப்பதும் அங்கேதான். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பது சரி. மாறுவது சாக்கெட்டின் தாங்கும் சக்தி. நம் வீட்டுச் சாக்கெட் எல்லாமே 13 ஆம்பியர். எந்த மூலையில் இருந்தாலும் 2,900 வாட் வரை இழுக்கலாம். இந்தியாவில் உருண்டைப் பின் சாக்கெட் இரண்டு அளவில் உண்டு. சிறியது 6 ஆம்பியர், பெரியது 16 ஆம்பியர். பழைய ஆட்கள் 5 ஆம்பியர், 15 ஆம்பியர் என்றே சொல்வார்கள். 'பவர் பிளக்' என்று சொன்னால் பெரியதைக் குறிக்கும். லாட்ஜ் அறையில் கட்டிலுக்குப் பக்கத்திலும் மேசைக்கு மேலும் இருப்பது சிறியதுதான். பெரியது ஏசிக்கும் கீசருக்கும் மட்டும் இருக்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 2,000 வாட் கெட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். கட்டில் பக்கத்துச் சாக்கெட் தாங்குவது 6. அடாப்டர் இருக்கிறது, பிளக் நுழைகிறது, தண்ணீரும் கொதிக்கிறது. அதனால் தவறு எதுவும் நடந்ததாகத் தெரியாது. ஆனால் சுவருக்குள் சாக்கெட்டின் பித்தளை நாக்கும் அடாப்டரின் பின்னும் தொடுகிற இடத்தில் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். பழைய சாக்கெட்டில் நாக்கு தளர்ந்திருந்தால் அந்தத் தொடுபுள்ளியில் 0.2 ஓம் தடை வந்துவிடுவது எளிது. 9 ஆம்பியர் அதன் வழியாகப் போனால் 16 வாட் சூடு உண்டாகும். அரிசி மணி அளவு இடத்தில் 16 வாட் என்பது சிறிய சால்டரிங் இரும்பின் சூடு. பிளாஸ்டிக் இளகும், பித்தளை கருக்கும், கருத்த பித்தளையில் தடை இன்னும் கூடும், சூடும் கூடும். இதை ஃபியூஸும் தடுக்காது, பிரேக்கரும் தடுக்காது. அவை அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைத்தான் பார்க்கும்; தளர்ந்த தொடுபுள்ளியின் சூடு அவற்றின் கண்ணில் படாது.

அதைக் கண்டுபிடிக்க உங்கள் மூக்கும் விரலும்தான் உதவும். மின்சாதனப் பிளாஸ்டிக் சூடாகும்போது மீன் கவிச்சியைப் போல ஒரு வாடை வரும். அறையில் யாரும் கருவாடு வறுக்காமல் அந்த வாடை வந்தால் சுவிட்சை அணைத்துவிட்டுச் சாக்கெட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் ஓடிய பிறகு சுவிட்சை அணைத்து, அடாப்டரின் பிளாஸ்டிக் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அந்தச் சாக்கெட்டை விட்டுவிடுங்கள். 'ஜிர்ர்' சத்தம், பழுப்புக் கறை, பிளக் தானாகத் தொங்குவது மூன்றும் அதே எச்சரிக்கைதான்.

அப்படியானால் என்ன கொண்டுபோகலாம்? ஒரு லிட்டர் ரைஸ் குக்கர் 400 முதல் 500 வாட். 2 ஆம்பியர்தான், தாராளமாகப் போகலாம். 1.8 லிட்டர் குக்கர் 700 வாட்; 3 ஆம்பியர், அதுவும் சரி. சேலை தேய்க்கச் சாதாரண 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி 4.3 ஆம்பியர், தனியாகப் போட்டால் சரி. 2,000 வாட் நீராவி இஸ்திரி, பெரிய கெட்டில், 1,600 வாட் முடி உலர்த்தி மூன்றையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வயதானவர்களுக்கோ கைக்குழந்தைக்கோ வெந்நீர் கட்டாயம் வேண்டும் என்றால் 600 முதல் 1,000 வாட் சிறிய பயணக் கெட்டில் வாங்கலாம். கொதிக்கப் பத்து நிமிடம் ஆகும், ஆனால் சுவர் தாங்கும். பல லாட்ஜ்களில் கேட்டாலே ஃபிளாஸ்க்கில் வெந்நீர் தருவார்கள். என்னைக் கேட்டால் அதுதான் சிறந்த வழி.

அடாப்டர் வாங்கும்போது கவனிக்க வேண்டியது மூன்றாவது பின். நம் பிளக்கில் மேலே நிற்கிற நீளமான பின்தான் எர்த். ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி, கிரைண்டர் போன்ற உலோக உடம்புச் சாதனங்களில் உள்ளே ஒரு வயர் பிசகி உடம்பைத் தொட்டால், மின்சாரம் எர்த் வழியாகப் பாய்ந்து ஃபியூஸை எரிக்கும். எர்த் இல்லாவிட்டால் ஃபியூஸ் எரியாது. உடம்பில் 230 வோல்ட் அப்படியே காத்துக்கொண்டிருக்கும். ஈரக் கையோடு முதலில் தொடுகிறவர்தான் எர்த்.

நான்கைந்து நாட்டுப் பின்களைத் தள்ளி நீட்டும் 'யுனிவர்சல்' அடாப்டர்களில் பலவற்றில் எர்த் தொடர்பே கிடையாது. நம் எர்த் பின் நுழைய ஓட்டை இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது, அல்லது வெளிப்பக்கம் இரண்டு பின் மட்டும் இருக்கும். சிலவற்றில் மூன்றாவது பின் பிளாஸ்டிக்கில் இருக்கும். இவற்றைக் கைத்தொலைபேசி சார்ஜருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குக்கருக்கும் இஸ்திரிக்கும் இந்தியாவுக்கென்றே செய்த, மூன்று உருண்டைப் பித்தளைப் பின் உள்ள தனி அடாப்டர் வேண்டும். வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் பிளக்கை அடாப்டரில் செருகி, அடாப்டரின் பெரிய பின்னுக்கும் குக்கரின் வெளி உலோகத்துக்கும் இடையே ஓம் பாருங்கள். ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். ஒன்றும் காட்டாவிட்டால் எர்த் அறுந்திருக்கிறது. பெயிண்ட் அடித்த இடத்தில் பிடிக்காமல் ஒரு திருகுத் தலையில் பிடித்துப் பாருங்கள். அடாப்டரோடு முடிவதில்லை இந்த விஷயம். பழைய கட்டடங்களில் சுவருக்குள்ளேயே எர்த் வயர் வராமல் இருக்கலாம். சாக்கெட்டில் செருகினால் மூன்று விளக்கு எரிந்து எர்த் உண்டா இல்லையா என்று காட்டும் சிறிய சோதிப்பான் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். குடும்பத்தோடு ஒரு மாதம் தங்கப் போகிறவர்கள் பெட்டியில் ஒன்று போட்டுக்கொள்வது வீண் அல்ல.

உடம்பில் சதுரத்துக்குள் சதுரம் வரைந்திருந்தால் அந்தச் சாதனத்துக்கு எர்த் தேவையில்லை. இரட்டை இன்சுலேஷன் என்று பொருள். இரண்டு பின்னோடு வருகிற சார்ஜர்களில் இதைப் பார்க்கலாம். உலோக உடம்பு லேப்டாப்பை எர்த் இல்லாத சாக்கெட்டில் சார்ஜ் செய்யும்போது கையில் எறும்பு ஊர்வதுபோல ஒரு கூச்சம் வரும். சார்ஜருக்குள் இருக்கும் சிறிய மின்தேக்கி வழியாகக் கசியும் மிகக் குறைந்த மின்னோட்டம் அது. நல்ல சார்ஜரில் அது ஆபத்தான அளவு அல்ல. சுளீரென்று அடித்தால் அது வேறு விஷயம். உடனே சுவிட்சை அணையுங்கள்.

குடும்பத்தில் ஐந்து பேர், ஐந்து கைத்தொலைபேசி, ஆனால் அறையில் ஒரே சாக்கெட் என்றால் ஐந்து அடாப்டர் வாங்க வேண்டாம். நம் நாட்டு நான்கு துளை எக்ஸ்டென்ஷன் ஒன்று, எர்த் உள்ள அடாப்டர் ஒன்று போதும். ஒரே நிபந்தனை: அதில் சார்ஜர்கள் மட்டும்தான் செருக வேண்டும். கெட்டிலும் இஸ்திரியும் சேர்ந்து அதில் ஏறினால் மொத்தச் சுமையும் அந்த ஒரு அடாப்டர் தலையில் விழும். சுருட்டிவைத்த எக்ஸ்டென்ஷன் வயரை முழுதாக அவிழ்த்துவிட்டே பயன்படுத்துங்கள். சுருளில் சூடு வெளியேற வழியில்லாமல் உறை இளகும்.

தமிழ்நாட்டில் கரண்ட் போனால் குக்கர், இஸ்திரி, டிவி பிளக்கை எடுத்துவிடுங்கள். கரண்ட் திரும்பி வரும் அந்த நொடியில் வோல்ட் துள்ளுவது உண்டு. உறவினர் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் எந்தச் சாக்கெட் இன்வெர்ட்டரில் ஓடுகிறது என்று கேட்டு, அதில் சூடேற்றும் சாதனம் எதையும் போடாதீர்கள். மின்விசிறிக்கும் விளக்குக்கும் கணக்குப் போட்டு வைத்த பேட்டரி அது.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று. நம் ஊரில் அதிகம் பார்க்காத பொருள் அங்கே குளியலறையில் இருக்கும்: வாளித் தண்ணீரில் தொங்கவிடும் ஹீட்டர் ராடு. வரிசை தவறினால் இது உயிரை எடுத்துவிடும். பிளாஸ்டிக் வாளிதான் வேண்டும், உலோக வாளி கூடாது. முதலில் தண்ணீர் நிரப்பி, ராடில் குறித்த கோடு வரை மூழ்கும்படி தொங்கவிட்டு, கை துடைத்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். சூடு பார்க்க விரலை விடக் கூடாது. சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, ராடை வெளியே எடுத்த பிறகுதான் தண்ணீரைத் தொடலாம். நம் வீட்டுக் குளியலறை ஹீட்டருக்கு முன்னால், 10 மில்லி ஆம்பியர் கசிந்தாலே வெட்டிவிடும் காவல் சுவிட்ச் இருக்கும். அந்தப் பழக்கத்தில் நாம் துணிச்சலாக இருப்போம். போகிற இடத்தில் அந்தக் காவல் இருக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். குழந்தைகள் இருக்கும் அறையில் ராடு வேண்டவே வேண்டாம். யாரையாவது மின்சாரம் பிடித்துவிட்டால் முதலில் சுவிட்ச், பிறகுதான் ஆள். சுவிட்ச் எட்டவில்லை என்றால் உலர்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளிவிடுங்கள். தமிழ்நாட்டில் ஆம்புலன்ஸுக்கு 108, பொது அவசர எண் 112.

தாய்லாந்தில் வேறு வகைப் பொறி. ஹாட்யாய் ஓட்டல் சுவரில் தட்டைப் பின்னும் நுழையும், உருண்டைப் பின்னும் நுழையும். தட்டை ஓட்டையைப் பார்த்து "அமெரிக்கா மாதிரி, 110 வோல்ட்தான்" என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே ஓடுவது 220, 230 வோல்ட். பிலிப்பைன்சிலும் தட்டைப் பின்தான், அங்கேயும் 220 வோல்ட். நம் சாதனங்களுக்கு இதனால் கேடு இல்லை. ஜப்பானிலோ அமெரிக்காவிலோ வாங்கிய 100, 120 வோல்ட் பொருளை அங்கே கொண்டுபோகிறவர்தான் மாட்டிக்கொள்வார். பிளக் அடாப்டர் இல்லாமலே கச்சிதமாக நுழைந்துவிடும். ஓட்டையின் வடிவத்தைப் பார்த்து வோல்ட்டை ஊகிக்காதீர்கள். இந்தோனேசியாவுக்கு, மேடான் பக்கம் போகிறவர்களுக்கு, ஐரோப்பாவின் இரண்டு உருண்டைப் பின் வேண்டும். அந்தச் சாக்கெட்டில் எர்த் பக்கவாட்டுக் கிளிப்பாக இருக்கும். ஆகவே அந்தக் கிளிப்பைத் தொடும் தகடு உள்ள தடித்த உருண்டை அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். ஆஸ்திரேலியாவில் சாய்ந்த தட்டைப் பின், 230 வோல்ட், சாக்கெட் 10 ஆம்பியர். இவை இவ்வளவுதான்.

ஜப்பான், தைவான், அமெரிக்கா, கனடா. இங்கேதான் வோல்ட் நிஜமாகவே வேறு. ஜப்பானில் 100, தைவானில் 110, அமெரிக்காவிலும் கனடாவிலும் 120. சூடேற்றும் சாதனத்தின் சக்தி வோல்ட்டின் வர்க்கத்தைப் பின்பற்றும்; வோல்ட் பாதியானால் சக்தி கால்வாசியாகிவிடும். அதனால் நம் 2,000 வாட் கெட்டில் ஜப்பானில் 378 வாட்டாகச் சுருங்கிவிடும். எரியாது, வெடிக்காது, தண்ணீர் கொதிக்காமல் காத்துக் கிடப்பதுதான் மிச்சம். ரைஸ் குக்கரில் சோறு வேகாமல் ஊறிப்போகும். படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு இதனால்தான் சொல்கிறேன்: குக்கரைச் சுமந்துகொண்டு போக வேண்டாம், அங்கேயே ஒன்று வாங்கிக்கொள்ளட்டும். ஜப்பானில் இன்னொரு விசித்திரம் உண்டு. கிழக்குப் பக்கம் 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பக்கம் 60 ஹெர்ட்ஸ். ஷிசுவோக்கா மாநிலத்தின் ஃபுஜி ஆறுதான் எல்லை. 1890-களில் தோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாக்கா அமெரிக்காவிலிருந்தும் மின்னாக்கி வாங்கியதன் விளைவு இது. சார்ஜர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

திரும்பி வரும்போதுதான் பெரிய விபத்து. சுற்றுலா போனவர் ஒசாக்காவில் ஆசைப்பட்டு ஒரு ரைஸ் குக்கர் வாங்கி வருகிறார். 100 வோல்ட், 700 வாட். நம் சுவரில் அடாப்டர் போட்டுச் செருகினால் அது 3,700 வாட் இழுக்கும், 16 ஆம்பியர். நம் பிளக்கில் உள்ள 13 ஆம்பியர் ஃபியூஸ் உடனே அறுந்துவிடும் என்று நினைப்பது தவறு. சற்று மீறிய மின்னோட்டத்தை அது பல நிமிடம் பொறுத்துக்கொள்ளும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. அதற்குள் குக்கரின் சூடேற்றித் தட்டும் கட்டுப்பாட்டுப் பலகையும் போய்விடும். வாங்கும் கடையிலேயே '220-230 வோல்ட்' என்று அச்சிட்ட வெளிநாட்டு மாடலைக் கேளுங்கள். சுற்றுலாப் பயணிகள் வரும் பெரிய கடைகளில் அது தனி அலமாரியில் இருக்கும். விலை கூடுதல்தான், பெட்டியில் இருக்கிற எண்ணைப் பார்த்து வாங்கினால் அந்தப் பணம் வீண் போகாது.

100 வோல்ட் பொருள் ஏற்கெனவே கையில் இருந்தால் இறக்கு டிரான்ஸ்பார்மர் வேண்டும். 230-ஐ 100 ஆகவே இறக்கும் மாடலைக் கேளுங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 110. அதில் 100 வோல்ட் பொருளை ஓட்டினால் 21 விழுக்காடு அதிகச் சூடு. அளவு: சூடேற்றும் சாதனம் என்றால் அதன் வாட்டைப் போல ஒன்றரை மடங்கு, மோட்டார் என்றால் இரண்டு மூன்று மடங்கு, ஏனென்றால் மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். டிரான்ஸ்பார்மரின் அளவை வோல்ட் ஆம்பியரில் எழுதியிருப்பார்கள்; 700 வாட் குக்கருக்குக் குறைந்தபட்சம் 1,050 வோல்ட் ஆம்பியர் வேண்டும். 'கன்வெர்ட்டர்' என்று கையடக்கமாக, இலேசாக, 1,500 வாட் என்று எழுதி விற்கும் பொருள் டிரான்ஸ்பார்மர் அல்ல. அது மின்சார அலையை நறுக்கிக் கொடுக்கும். பழைய பாணிச் சூடேற்றிக்கு மட்டும் அது ஒத்துவரும். மின்னணுப் பலகை, மோட்டார், சார்ஜர் எதையும் அதில் செருகக் கூடாது. எடையைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும்: 1,000 வாட் டிரான்ஸ்பார்மர் உள்ளே இரும்பும் செம்பும் நிறைந்து பல கிலோ இருக்கும். கையளவுப் பெட்டியில் 1,500 வாட் என்றால் அது நறுக்கிதான்.

டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. இண்டக்‌ஷன் மோட்டார் ஓடும் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. நம் மின்விசிறியை 60 ஹெர்ட்ஸில் ஓட்டினால் வேகம் 20 விழுக்காடு வரை கூடப் பார்க்கும். 60 ஹெர்ட்ஸுக்கென்றே செய்ததை 50-இல் ஓட்டினால் மோட்டாரின் இரும்புக் கருவில் காந்தம் அளவுக்கு மீறி நிறைந்துபோய் மோட்டார் சூடாகும். இது முக்கியமாக நெபுலைசர் வைத்திருப்பவர்களுக்கு. ஆஸ்துமாவுக்கு வீட்டில் வைத்திருக்கும் கம்ப்ரெசர் நெபுலைசர்களில் பல 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று ஒரே எண்ணோடு வரும். தைவானிலோ அமெரிக்காவிலோ அது மருந்தைச் சரியாக ஆவியாக்காது. உயிருக்கு வேண்டிய நேரத்தில் கைவிட்டுவிடும். அப்படிப்பட்ட பயணத்துக்கு முன் மருந்தகத்தில் சொல்லி, பேட்டரியில் ஓடும் வலை நெபுலைசருக்கோ 100-240 சார்ஜர் உள்ள மாடலுக்கோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தூக்கத்தில் மூச்சுக்காக மாட்டும் இயந்திரங்கள் பெரும்பாலும் 100-240 தான். ஆனாலும் பட்டையைப் படித்து உறுதி செய்யுங்கள். மருத்துவச் சாதனத்தைச் செக்-இன் பெட்டியில் போடாமல் கையோடு வைத்திருங்கள்.

பவர் பேங்க்கும் கையோடுதான். செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. விமான நிறுவனங்கள் பார்ப்பது வாட்-மணி. மில்லி ஆம்பியர் மணியை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வரும். 20,000 என்றால் 74 வாட்-மணி. 100 வரை அனுமதி, அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தைக் கேட்க வேண்டும். எண் அழிந்துபோன பழைய பவர் பேங்க்கைச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். உப்பியிருந்தால் வீட்டிலிருந்தே கொண்டுபோகாதீர்கள்.

நம் வீடுகளில் ஊறிப்போன ஒரு பழக்கத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். இந்தியாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ வந்த இரண்டு பின் பிளக்கை நம் சாக்கெட்டில் செருக, மேல் ஓட்டையில் பேனா மூடியையோ தீக்குச்சியையோ ஸ்க்ரூடிரைவரையோ விட்டு நெம்புகிறோம். கீழே உள்ள இரண்டு ஓட்டைக்குள் இருக்கும் திரை, குழந்தை விரலும் கம்பியும் போகாமல் இருக்க வைத்தது. நீளமான எர்த் பின் மட்டும்தான் அதைத் திறக்க வேண்டும். நெம்பிச் செருகினால் இரண்டு கேடு. தட்டைப் பின்னுக்குச் செய்த பித்தளையில் மெல்லிய உருண்டைப் பின் ஒரு கோடு அளவுதான் தொடும். மேலே சொன்ன அதே சூடு. இரண்டாவது, ஃபியூஸ் இல்லை. சுவருக்குப் பின்னால் இருக்கும் பிரேக்கர் 20 அல்லது 32 ஆம்பியர். மெல்லிய வயர் உருகி எரிந்த பிறகுதான் அது விழும். மலேசியத் தரச்சான்று நிறுவனமான சிரிமின் முத்திரையும் ஃபியூஸும் உள்ள மாற்று பிளக் சில ரிங்கிட்தான்.

கடைசியாக, திருச்சியிலிருந்து வரும் மிக்சியும் கோயம்புத்தூர் கிரைண்டரும். வோல்ட், ஹெர்ட்ஸ் இரண்டும் நம்முடையதே, ஆகவே இயந்திரத்துக்கு ஒன்றும் ஆகாது. வாங்கும்போது மட்டும் பெட்டியில் 230 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். அமெரிக்காவில் இருக்கும் சொந்தங்களுக்காக 110 வோல்ட் மாடலும் செய்து விற்கிறார்கள், வெளிப்பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகு அடாப்டரிலேயே வருடக்கணக்காக ஓட்டாதீர்கள். மிக்சி அதிர்ந்து அதிர்ந்து அடாப்டர் தளர்ந்துபோகும். பிளக்கையே மாற்றிவிடுவதுதான் முறை. கைப்பழக்கம் இல்லாதவர்கள் மின்சாதனக் கடையிலோ வயர்மேனிடமோ கொடுங்கள். செய்பவர் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்கவாவது கீழே சொல்லும் முறை உதவும்.

சிரிம் முத்திரை உள்ள 13 ஆம்பியர் பிளக் ஒன்று வாங்கி, மூடியைக் கழற்றி, பழைய பிளக்கை வெட்டுங்கள். வெளி உறையை நாலைந்து சென்டிமீட்டர் நீக்குங்கள். உள் வயர்களின் உறையில் கீறல் விழுந்தால் வெட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். ஒவ்வொரு வயரின் முனையிலும் ஆறு மில்லிமீட்டர் செம்பு தெரிந்தால் போதும். இழைகளை முறுக்கிவிடுங்கள், ஒரு இழைகூட வெளியே நீட்டக் கூடாது. வயர் நுழையும் பக்கம் உங்களை நோக்கி இருக்கும்படி பிளக்கைப் பிடித்தால், பழுப்பு வயர் வலப்பக்கம் ஃபியூஸ் இருக்கும் முனைக்கு, நீலம் இடப்பக்கம், பச்சை மஞ்சள் மேலே எர்த்துக்கு. பழைய இந்திய வயர் என்றால் சிவப்புதான் பழுப்பு, கறுப்புதான் நீலம், பச்சைதான் எர்த். எர்த் வயரை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விடுங்கள். யாராவது வயரைப் பிடித்து இழுத்துவிட்டால் எர்த் கடைசியாகத்தான் பிடுங்கிக்கொள்ளும். கீழே உள்ள கிளாம்பு வெளி உறையைக் கவ்வ வேண்டும், உள் வயர்களை அல்ல. பிளக்கோடு வரும் 13 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டு 5 ஆம்பியர் போடுங்கள். 750 வாட் மிக்சி 3.3 ஆம்பியர்தான் இழுக்கும். 13 போட்டால் மிக்சியின் மெல்லிய வயருக்குக் காவல் இல்லை. மூடியைத் திருகி, வயரை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பிறகு மல்டிமீட்டரில் எர்த் பின்னுக்கும் கிரைண்டரின் உலோக உடம்புக்கும் இடையே ஒரு ஓமுக்குள் வருகிறதா, மற்ற இரண்டு பின்னுக்கும் உடம்புக்கும் இடையே எந்தத் தொடர்பும் இல்லையா என்று பார்த்துவிட்டு மாவுக்கு அரிசியை ஊறப் போடுங்கள்.